ஆல்-இன் போனதும் சிப்புகளை எப்படிப் பிரிப்பது?

நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் சீட்டாட்டம்) ஆடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கையிருப்பில் உள்ள சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) முழுவதையும் பந்தயமாக வைப்பதுதான் ஆல்-இன். அதுவரை சுலபம். மூன்று பேர் ஆளுக்கொரு அளவில் வைத்துவிட்டால்தான் குழப்பம். எங்கள் மொட்டைமாடி ஆட்டத்தில் ஒருமுறை 300 சிப் வைத்து ஜெயித்தவருக்கு மொத்தக் குவியலையும் தள்ளிவிட்டேன். மற்ற இருவருக்கும் செய்த அநியாயம் அது.

முதலில் "ஆல்-இன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 1982 வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர் போட்டியை வென்ற ஜாக் ஸ்ட்ராஸ் பற்றி ஒரு கதை உண்டு. எல்லாம் போச்சு என்று எழுந்தவரிடம் ஒரே ஒரு சிப் மிச்சம் இருந்ததாம். ஆல்-இன் என்று சொல்லியிருக்காததால் தொடர்ந்து ஆட விட்டார்களாம்.

சரி, பிரிப்போம். ரவி 300, மீனா 800, செந்தில் 2,000. மொத்தத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். ஒருவர் தான் வைத்த அளவுக்கு மேல் இன்னொருவரிடமிருந்து ஜெயிக்க முடியாது. அதனால் குறைவாக வைத்தவரிடமிருந்து தொடங்குங்கள். மூவரிடமும் 300 எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள்: 900. இது மெயின் பாட், அதாவது மூவருக்கும் பொதுவான பந்தயக் குவியல். மீனாவிடம் மிச்சம் 500. செந்திலிடமும் 500 எடுத்து இரண்டாவது கிண்ணத்தில் போடுங்கள்: 1,000. இது சைடு பாட், ரவிக்கு இதில் பங்கில்லை. செந்திலின் மிச்சம் 1,200க்கு ஈடுகொடுக்க ஆளில்லை. சீட்டைத் திறப்பதற்கு முன்பே அதை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சைடு பாட் யாருக்கு என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள், மெயின் பாட்டைக் கடைசியில். ரவியின் சீட்டே உசத்தி என்றாலும் அவருக்கு 900தான். அந்த 1,000 மீனா, செந்தில் இருவரில் யார் சீட்டு நல்லதோ அவருக்கு.

கணக்குப் போட ஆப் எதுவும் வேண்டாம். எவர்சில்வர் கிண்ணம் இரண்டு போதும். எது யாருடையது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சிப் மட்டும் கனமானதாக வாங்குங்கள். லேசான பிளாஸ்டிக் சிப் அடுக்கினால் நிற்காது, எண்ணும்போதே சரியும்.

பின்சேர்க்கை: நடுவில் ஃபோல்டு செய்தவரின் (சீட்டைப் போட்டுவிட்டு விலகியவரின்) சிப் எங்கே போகும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எழுதாமல் விட்டது என் தவறு. அதே சுற்றில் நாலாவது ஆள் 400 வைத்துவிட்டு விலகினார் என்றால், 300 முதல் கிண்ணத்துக்கு, 100 இரண்டாவதுக்கு. ஆக மெயின் பாட் 1,200, சைடு பாட் 1,100.