பொலோன்யாவில் இரண்டு நாள்: எங்கே நடப்பது, என்ன கேட்டுச் சாப்பிடுவது

இத்தாலி வரைபடத்தில் பார்த்தால் ‘பொலோக்னா’ என்று வாசிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது பொலோன்யா. ஃப்ளாரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் இந்த ஊரை அரை நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். அது தப்புக் கணக்கு. நல்ல சாப்பாட்டுக் கடைகள் மதியம் 12:30 வாக்கில் திறந்து, 2:30க்குள் அடுப்பை அணைத்துவிடும். மறுபடி பற்றவைப்பது இரவு 7:30க்குத்தான். பதினொரு மணிக்கு வந்திறங்கிக் கோபுரம், தேவாலயம் என்று சுற்றிவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு உட்கார்ந்தால், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடைதான் கிடைக்கும். அங்கே சாப்பிட்டதை வைத்து ஊரை எடைபோட்டுவிட்டுப் போவது பெரிய இழப்பு.

ஆகவே இரண்டு இரவு தங்குங்கள். முதலில் சாப்பாட்டு நேரங்களைக் குறித்துவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களை அவற்றின் நடுவே செருகுங்கள். பழைய நகரம் சிறியது. அதற்குள் எல்லாமே நடக்கும் தூரம்.

வந்து சேர்வது

விமான நிலையத்திலிருந்து ‘மார்க்கோனி எக்ஸ்பிரஸ்’ என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழெட்டு நிமிடத்தில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும். ரயில் நிலையத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை நிற்பது தரைக்கு வெகு ஆழத்தில் உள்ள 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில். மேல் வாசலிலிருந்து அங்கே இறங்கிப் போகவே பத்து நிமிடம் ஆகும். கிளம்பும் நாளில் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளாதவர்கள் ரயிலைத் தவறவிடுவது இங்கேதான். மோதெனா, ஃபெர்ராரா போன்ற பக்கத்து ஊர்களுக்கு ஓடும் உள்ளூர் ரயில்களுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம், வெளியூர்க்காரர் என்று சொல்லித் தப்ப முடியாது.

நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25லேயே நின்றிருக்கும். அது பழுது அல்ல. 1980 ஆகஸ்ட் 2 காலை அந்த நேரத்தில் காத்திருப்போர் அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அந்த அறையின் உள்ளே அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து இந்திபெந்தென்ட்ஸா தெருவில் நேராக இருபது நிமிடம் நடந்தால் மாஜோரே சதுக்கம். வாடகைக் கார் எடுத்து வருபவர்கள் அதை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

கூரை போட்ட தெருக்கள்

மழையோ வெயிலோ, இந்த ஊரில் குடை அவ்வளவாகத் தேவைப்படாது. தெருவின் ஓரமெல்லாம் தூண்கள் தாங்கும் வளைவு நடைகள். பழைய நகரத்தில் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர். வெளியே உள்ளவற்றையும் சேர்த்தால் 62. யுனெஸ்கோ 2021இல் இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர்களும் பிழைக்க வந்தவர்களும் பெருகப் பெருக, வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருவுக்கு மேலே நீட்டிக் கட்டினார்கள். கீழே முட்டுக்கொடுக்கத் தூண் நட்டார்கள். 1288இல் நகரசபை இதையே சட்டமாக்கியது. குதிரைமேல் இருப்பவர் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்பது கணக்கு. மரத்தூண்களோடு பிழைத்திருக்கும் பழைய நடையைப் பார்க்க மாஜோரே வீதியில் உள்ள இசொலானி மாளிகைக்குப் போங்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது மீட்டர் உயரக் கருவாலி மரத்தூண்கள் மாடியைத் தாங்கி நிற்பது தெரியும்.

தரை பல இடங்களில் மொசைக் போல மழமழவென்று தேய்த்தது. வெளியே மழை பெய்து ஈரக்கால் பட்டால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

மாஜோரே சதுக்கத்திலேயே காலையைத் தொடங்கலாம். சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் முகப்பில் கீழ்ப்பாதி வெள்ளையும் சிவப்புமாகச் சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல். தேவாலயத்தை 1390இல் கட்ட ஆரம்பித்தார்கள்; முகப்பு வேலை இன்றுவரை முடியவில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். உள்ளே இடது பக்கத் தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்குப் பித்தளைக் கோடு ஒன்று ஓடும். வானியலாளர் காசினி 1655இல் அமைத்த சூரியக் கோடு அது. 27 மீட்டர் உயரத்தில், கூரையில் உள்ள ஒரு சின்னத் துளை வழியே வெயில் வட்டமாக விழுந்து, உச்சிவேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது போய் நின்று ஏமாறாதீர்கள். இத்தாலிய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை கிழக்கே தள்ளி இருப்பதால், இங்கே உச்சிவேளை கால் மணி நேரம் போலப் பிந்தும். கோடைக்காலத்தில் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அது பெரும்பாலும் 1:10க்கும் 1:20க்கும் இடையே வரும். தேவாலயம் மதியம் மூடும் நேரத்தை வாசலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்பச் சாப்பாட்டைத் தள்ளிவையுங்கள். வட்ட ஒளி நகர்வதைக் கண்ணாலேயே பார்க்க முடியும்.

பக்கத்திலேயே ஆர்க்கிஜின்னாசியோ. 1563இல் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டிய மாளிகை. சுவர், கூரை எல்லாம் மாணவர்களின் குலச்சின்னங்கள். மாடியில் உள்ள உடற்கூறு அரங்குக்குச் சீட்டு வாங்கிப் போங்கள். முழுக்க மரத்தாலான அறை. நடுவில் சலவைக்கல் மேசை. ஆசிரியரின் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தோலுரிந்த இரண்டு மர மனிதர்கள் தாங்குகிறார்கள். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து இந்த அறை தூள்தூளானது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்த துண்டுகளை வைத்தே திரும்பக் கட்டினார்கள்.

சதுக்கத்தின் எதிர்ப்புறம் பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் நான்கு தெருக்கள் சந்திக்கும் வளைவு உண்டு. இருவர் எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து நின்று, ஒருவர் மெல்லப் பேசினால் மற்றவர் காதில் விழும். கூட்டமில்லாத காலையில் முயன்றால்தான் தெளிவாகக் கேட்கும்.

இரட்டைக் கோபுரங்களான அசினெல்லியையும் கரிசெண்டாவையும் கீழிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கரிசெண்டாவின் நிலை மோசமானது தெரிந்து 2023 அக்டோபரில் அந்த இடத்தை அடைத்தார்கள். அதனால் 97 மீட்டர் அசினெல்லியின் 498 படிகளும் அடைபட்டன. மேலிருந்து ஊரைப் பார்க்கச் சதுக்கத்தில் உள்ள அக்குர்சியோ மாளிகையின் மணிக்கூண்டுக்கு முன்பதிவு செய்யலாம்.

மாலைக்கு சாந்தோ ஸ்தெஃபானோ, சான் தொமெனிகோ தேவாலயங்கள். பின்னதில் புனித தொமினிக்கின் கல்லறைமேல் மிக்கேலாஞ்சலோ இருபது வயதை ஒட்டிச் செதுக்கிய மூன்று சிறு சிலைகள் உள்ளன. விளக்குத்தண்டு ஏந்திய இரண்டு தேவதைகளில் வலப்பக்கம் இருப்பது அவருடையது. இடப்பக்கத்துத் தேவதை மென்மையானது, இது கட்டுமஸ்தான பையன். வித்தியாசம் தெரிந்தபின் கண்ணை எடுக்க மனம் வராது.

என்ன சாப்பிடுவது, எப்படிக் கேட்பது

‘ஸ்பகெத்தி பொலொனேஸ்’ என்று உலகமே சொல்லும் பண்டம் இந்த ஊருக்குச் சொந்தமில்லை. இங்கே ரகூ என்ற இறைச்சிக் குழம்பு சேர்வது தால்யாத்தெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவோடு. காரணம் எளிது. ஸ்பகெத்தி வழுவழுப்பானது; குழம்பு நழுவி இறைச்சியெல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும். தால்யாத்தெல்லே முட்டை மாவு. மரப்பலகைமேல் மரக்கட்டையால் தேய்ப்பதால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், குழம்பு ஒட்டிக்கொள்ளும். அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் வணிக மன்றத்தில் தங்க மாதிரி செய்து பதிந்தே வைத்திருக்கிறார்கள்.

காலையில் மாவு தேய்க்கும் கடைகளின் கண்ணாடிக்கு வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். 100 கிராம் மைதா போன்ற மாவுக்கு ஒரு முட்டை, வேறு தண்ணீர் கிடையாது. நம் பூரிக்கட்டையைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளக் கட்டை. தேய்க்கிற பெண் மாவை நடுவிலிருந்து வெளியே தள்ளுவார், கட்டையில் சுருட்டுவார், விரிப்பார், கால் வட்டம் திருப்புவார். பெரிய மேசைத்துணி அளவுக்கு விரியும். அதன் வழியே மலைமேல் உள்ள சான் லூக்கா தேவாலயம் தெரிய வேண்டும் என்பது ஊர்ப்பேச்சு.

சரியான ரகூ சிவப்பாக இருக்காது. பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். தக்காளி கொஞ்சம்தான், பூண்டு கிடையாது. அதில் இருப்பது மாட்டிறைச்சியும் பன்றியின் வயிற்றுப்பகுதியான பன்செத்தாவும். நம்மவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மோதிரம் போல மடித்த குட்டி தோர்தெல்லினிக்குள் இருப்பது பன்றி இறைச்சி, ப்ரொஷூத்தோ என்ற உப்பிட்ட பன்றித்தொடை, மோர்ததெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ பாலாடைக்கட்டி, முட்டை, ஜாதிக்காய். அது மிதக்கும் ப்ரோதோ என்ற தெளிந்த சாறு கோழியையும் மாட்டிறைச்சியையும் கொதிக்கவைத்து எடுப்பது. எல்லாம் சாப்பிடுபவர்கள் குளிர்காலத்தில் இதைத் தவறவிடக் கூடாது. நகரத்தின் ஆகச்சிறந்த தட்டு அதுதான். பன்றி பரவாயில்லை, மாடு மட்டும் வேண்டாம் என்பவர்கள் க்ரீமில் போட்ட தோர்தெல்லினியையோ, பன்றித் தொத்திறைச்சி சேர்த்த கிராமின்யா பாஸ்தாவையோ கேட்கலாம். ‘சென்ட்சா மான்சோ’ என்றால் மாடு இல்லாமல், ‘சென்ட்சா மையாலே’ என்றால் பன்றி இல்லாமல்.

இறைச்சியே வேண்டாதவர்களுக்குத் தோர்தெல்லோனி. பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், பண்டமே வேறு. அளவில் பெரியது, உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. ‘புர்ரோ ஏ சால்வியா’ என்று கேட்டால் வெண்ணெயும் சால்வியா இலையும் போட்டு வரும். ‘சென்ட்சா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. சிலர் பன்றித்தொடைத் துண்டுகளைக் ‘கார்னே’ கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சென்ட்சா ப்ரொஷூத்தோ’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் இரண்டு: கிரெஷெந்தீனே என்ற பூரி போன்ற பலகாரத்தைப் பல இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள், ‘ஸ்ட்ருத்தோ’ இருக்கிறதா என்று கேளுங்கள். பார்மிஜானோவை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். கடும் சைவர்களுக்கு அது ஆகாது. அவர்கள் ‘சென்ட்சா ஃபொர்மாஜோ’ (பாலாடைக்கட்டி இல்லாமல்) என்று சொல்லித் தக்காளி, காளான் தட்டுகளுக்குப் போவது நல்லது. இனிப்பில் தோர்த்தா தி ரீசோவைத் தேடுங்கள். பாலில் வெந்த அரிசி, சர்க்கரை, பாதாம், முட்டை. சாய்சதுரத் துண்டுகளாக வரும். பால் சோற்றில் வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

பட்டியலில் நான்கைந்து பகுதி இருக்கும். எல்லாவற்றிலும் ஒன்று எடுக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு ஒரு ‘ப்ரீமோ’, அதாவது பாஸ்தா போன்ற முதல் தட்டு, போதும். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருந்தால் ஏமாற்று அல்ல. ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம். நீங்களாகக் கேட்கும்வரை பில் வராது: ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’. காபியை நின்றபடி குடித்தால் மலிவு. சதுக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் விலை ஏறும். ஜெலாத்தோ என்ற ஐஸ்கிரீமில் பிஸ்தாவின் நிறத்தைப் பாருங்கள்: மங்கிய பச்சையும் பழுப்புமாக இருந்தால் வாங்கலாம், பளபளக்கும் பச்சை என்றால் நகருங்கள்.

இரண்டாம் நாள்

காலை எட்டு மணிக்கே சான் லூக்காவுக்குக் கிளம்புங்கள். சரகோட்ஸா வாசலிலிருந்து மலையுச்சித் தேவாலயம்வரை ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள். முதல் பாதி சமதளம். மெலொன்செல்லோ வளைவுக்குப் பிறகு ஏற்றம், படிகள். முழங்கால் தாங்காது என்றால் மெலொன்செல்லோவரை 20ஆம் எண் பேருந்து. அதற்குப் பிறகு நாற்பது நிமிட நடை. சதுக்கத்திலிருந்து சுற்றுலா ரயில்வண்டியும் மேலே போகும். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பத்தரைக்கு இறங்கிவிட்டால் சதுக்கத்தை ஒட்டிய குவாத்ரிலாதெரோ என்ற சந்தைச் சந்துகளில் சாப்பாடு வாங்க நேரம் சரியாக இருக்கும். காய்கனியை நீங்களே தொட்டு எடுக்காதீர்கள். கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். எடை கேட்கும் அளவு ‘எத்தோ’, அதாவது 100 கிராம். இருவருக்கு ‘உன் எத்தோ’ மோர்ததெல்லா, இன்னொரு எத்தோ பாலாடைக்கட்டி, ரொட்டி. பொட்டலத்தோடு ரனோக்கி சந்தில் உள்ள ஒஸ்தெரியா தெல் சோலேக்குப் போகலாம். 1465இலிருந்து இருக்கும் மதுக்கடை. சமையல் கிடையாது, சாப்பாடு நீங்கள் கொண்டுவர வேண்டும், குடிக்க ஏதாவது அங்கே வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் திட்டம் வேலைக்காகாது. சந்தைக் கடைகளில் பலவும் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களிலும் அப்படியே.

ஊருக்குக் கொண்டுபோகப் பார்மிஜானோ வாங்குவதானால் 24 மாதமா 36 மாதமா என்று கேட்டு, இரண்டையும் சுவைத்துப் பாருங்கள். 36 மாதத்தது உதிரும், பல்லில் உப்புக்கல் போல நறநறவென்று கடிபடும். தட்டில் துருவ 24 போதும். தனியாகக் கடித்துச் சாப்பிட 36. ‘சொத்தோவுவோதோ’ என்று சொன்னால் காற்றை உறிஞ்சிப் பையில் அடைத்துத் தருவார்கள்.