பவுன் வேற, பவுண்ட் வேற: சீமைக்கு வர்ற நம்ம பிள்ளைகளுக்கு எடைக்கணக்கு

லீவுல காரைக்குடி வந்து ரெண்டு வாரம் ஆச்சு, வந்ததுலேர்ந்து வீட்ல பெட்டி கட்டுற வேலதான். அக்கா மக லண்டனுக்குப் படிக்கக் கிளம்புறா. முகப்புல உக்காந்து பெட்டியக் கைத்தராசுல மாட்டித் தூக்குறது, 26 கிலோ காட்டுனதும் மணகோலப் பலகார டப்பாவ வெளிய எடுக்குறது, யாரும் பாக்காதப்ப அப்பத்தா அத திரும்ப உள்ள வச்சிடுறாக, இப்படியே போகுது. பெட்டி மேல ஒட்டியிருந்த சீட்டுல 50 எல்பின்னு போட்டிருந்தத பாத்துட்டு "சித்தி, அங்கயும் கிலோதானே?"ன்னு கேட்டா. கிலோதான் ஆத்தா, ஆனா முழுசா கிலோ இல்லன்னேன். அவளுக்குச் சொன்னத அப்படியே உங்களுக்கும் சொல்றேன், அங்க புதுசா வர்றவக எல்லாருக்கும் ஒருநாள் இதுல இடிக்கும்.

எல்பின்னா பவுண்ட். ஒரு பவுண்ட் 453.6 கிராம், அதுல 16 அவுன்ஸ், அவுன்ஸ் ஒன்னு 28.35 கிராம். நான் விளக்கிட்டு இருக்கும்போதே அப்பத்தா வளவுலேர்ந்து "ராத்தலச் சொல்றியா?"ன்னாக. அதே ராத்தல்தான்! இலங்கைல இன்னும் ஒரு ராத்தல் பாண்னு கேக்குறாகளே அதுதான் இது. மனக்கணக்கு சுலபம், பவுண்ட பாதியாக்கி அதுல பத்துல ஒரு பங்கக் கழிங்க, கிலோ வந்துரும். 22 பவுண்டுன்னா 11, அதுல 1.1 போனா 9.9, நெசக் கணக்கும் 10 கிட்டத்தான். கிலோலேர்ந்து பவுண்டுக்கு ரெட்டிப்பாக்கி பத்துல ஒன்னக் கூட்டுங்க.

2000ம் வருஷத்துலேர்ந்து பிரிட்டன்ல சில்லறையா நிறுத்துக் குடுக்குற சாமான கிலோ கிராம்லதான் விக்கணும்னு சட்டம், பவுண்ட் விலைய கூடவே எழுதிக்கலாம். சந்தைல அந்த பவுண்ட் விலைதான் கண்ணுல படும். நான் போன மொத வாரம் தக்காளி ஒன்றரை பவுண்டுன்னு பாத்து கிலோன்னு நெனச்சு ஆசையா ரெண்டு கிலோ அள்ளிட்டேன், அது எடை பவுண்டுக்கு ஒன்றரை பவுண்ட் காசு, கிலோவுக்குப் பாத்தா 3.30. காசும் பவுண்ட், எடையும் பவுண்ட், என்னத்தச் சொல்ல. ஜாம் பாட்டில்ல 454 கிராம்னு ஏன் ஒரு கிறுக்கு நம்பர்னு யோசிப்பீக, அது பழைய ஒரு பவுண்டுதான், வேஷம் மாத்தியிருக்கு.

அடுத்து ஸ்டோன். ஆள் எடைய அங்க பேச்சுல ஸ்டோன்லதான் சொல்லுவாக. 14 பவுண்ட் ஒரு ஸ்டோன், 6.35 கிலோ. இதுல புள்ளி வைக்காதீக! கிளினிக் மிஷின்ல 9 ஸ்டோன் 8 பவுண்டுன்னு வந்தத நான் ஃபார்ம்ல 9.8னு எழுதிட்டேன், 60.8 கிலோ ஆளு ஒரே நிமிஷத்துல 62.2 ஆயிட்டேன், நர்ஸம்மா வெயிட் போட்டுட்டீங்களான்னு கேட்டாக. அணா பைசா எழுதுன நம்ம பெட்டியடிக் கணக்குப்பிள்ளைக இந்தத் தப்பப் பண்ணியிருக்க மாட்டாக. 8 ஸ்டோன் சேந்தா ஒரு ஹண்ட்ரட்வெயிட், பேருதான் நூறு, கணக்கு 112 பவுண்ட், இலங்கைல இதத்தான் அந்தர்னு சொல்லுவாக. அமெரிக்கா போறவகளுக்கு ஸ்டோன் தொல்லை கெடையாது, அங்க ஹண்ட்ரட்வெயிட்டும் நெசமாவே 100 பவுண்ட். டன் மட்டும் ஊருக்கு ஊர் மாறும், பழைய இங்கிலீஷ் டன் 1016 கிலோ, அமெரிக்க டன் 907.

நம்ம ஊர்க்காரவக கவனிக்க வேண்டியது தங்கம். நாம சொல்ற பவுன் 8 கிராம், இங்கிலாந்து சவரன் காசு 7.98 கிராம் இருக்கும், அதத்தான் நாம 8னு ஆக்கிக்கிட்டோம். எடை பவுண்டுக்கும் இதுக்கும் ஒட்டு ஒறவே இல்ல. அங்க நியூஸ்ல தங்கம் ஒரு அவுன்ஸ் இவ்வளவுன்னு சொன்னா அது மளிகை அவுன்ஸ் இல்ல, ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். அந்த விலைய 31.1ஆல வகுத்து 8ஆல பெருக்குனா சுத்தத் தங்கத்துல ஒரு பவுன் விலை வரும், நகை 22 கேரட்டுங்கிறதால 24ஆல வகுத்து 22ஆல பெருக்கிக்கோங்க. 28.35 போட்டு கணக்குப் பாத்தா பவுன் விலை கூடத்தான் தெரியும், சும்மா வயித்தெரிச்சல்.

கைக்குழந்தையோட வர்றவகளுக்கு ஒன்னு. பிள்ளை எத்தன பவுண்டுன்னு அக்கம்பக்கத்துல கேப்பாக, 2.8 கிலோன்னா 6 பவுண்ட் 3 அவுன்ஸ்னு சொல்லுங்க. பால் பாட்டில்ல போட்டிருக்குற அவுன்ஸ் எடை இல்ல, பால் எவ்வளவு கொள்ளும்ங்கிற அளவு, அத கிராமா மாத்தப் பாக்காதீக.

பெட்டி விஷயத்துக்கு வர்றேன். விமானத்துல பெட்டிக்கு 23 கிலோ வரைக்கும்னு போட்டிருந்தா அது 50.7 பவுண்ட், 50 பவுண்டுன்னு போட்டிருந்தா 22.68 கிலோதான், அதனால 22.5லயே நிறுத்திக்கோங்க. இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அப்பத்தா சீப்புச் சீடைப் பொட்டலத்தோட வந்துட்டாக. "இது அரை வீசை கூட வராது ஆத்தா"ன்னாக. வீசை 1.4 கிலோ, அப்ப அரை வீசை 700 கிராம். தராசுல வச்சுப் பாத்தோம், 720.