வெளியே திரும்பிய இறக்கை: என் அனுபவம்

காப்பாற்றி வைத்திருந்த கூஸ் இனக் காட்டு வாத்துக் குஞ்சுக்கு, பறக்கும் இறகுகள் முளைக்கத் தொடங்கியதும் இடது இறக்கையின் நுனி மட்டும் உடம்போடு ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டது. எலும்பு முறிவு என்று நினைத்தேன், தடவிப் பார்த்தால் வீக்கமும் இல்லை வலியும் இல்லை. விட்டமின் சொட்டு கொடுத்தே நான்கு நாள் போனது. அப்புறம் ஒரு மருத்துவர், காட்டுப் பறவை என்பதால் தொட மறுத்துவிட்டார்.

கடைசியில் உரிமம் பெற்ற பறவைப் பராமரிப்பாளரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டதே, 'என்ன தீனி போடுகிறீர்கள்?' ரொட்டியும் கோழித் தீவனமும் என்றேன். மாவும் புரதமும் மிகுந்த தீனியால் இறகு வேகமாக வளர்ந்து, ரத்தம் நிறைந்த இளம் இறகின் கனத்தை இறக்கையின் மணிக்கட்டு மூட்டு தாங்காமல் முறுக்கிக்கொள்ளுமாம். இறக்கையை இயல்பாக மடித்து மென்மையான கட்டுப் போட்டார், தீனியைப் புல்லுக்கு மாற்றினார். சில நாளில் நேரானது. வளர்ந்து முடிந்த பறவைக்கு இந்தக் கட்டு பலிக்காது, நாள் கடத்தாதீர்கள்.

குஞ்சு திரும்ப என்னிடம் வரவில்லை. காப்பாற்றியதாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். மனசு கனத்தது, ஆனால் இப்போது அது மற்ற குஞ்சுகளோடு மேய்கிறது.