பொதுநல வழக்கறிஞரா? கடன் படிவத்தை ஆண்டுதோறும் அனுப்புங்கள்
அமெரிக்காவில் சட்டம் படித்து, அரசு அலுவலகத்திலோ இலாப நோக்கற்ற சட்ட உதவி அமைப்பிலோ முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் இருக்கிறது. தகுதியான 120 மாதத் தவணைகள் கட்டினால் மீதிக் கல்விக் கடன் தள்ளுபடி. தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வருமானத்துக்கேற்ற தவணையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான பத்தாண்டுத் தவணையில் தள்ளுபடி செய்ய எதுவும் மிஞ்சாது.

பலர் கோட்டைவிடுவது, நீங்கள் அங்கே வேலை செய்வதாக வேலை கொடுத்தவர் கையெழுத்திடும் சான்றுப் படிவத்தில். ஆண்டுதோறும், வேலை மாறும்போதும் அனுப்பிவிடுங்கள். மூடப்பட்ட நிறுவனத்தின் கையெழுத்தைத் தேடி அலைவது வழக்கு நடத்துவதைவிடக் கொடுமை!

அமெரிக்க மத்திய அரசே தரும் நேரடிக் கல்விக் கடனுக்கு மட்டுமே இந்தத் திட்டம் பொருந்தும். தனியார் வங்கிக் கடன் இருந்தால், படித்த சட்டக் கல்லூரியிடம் கடன் அடைப்பு உதவி உண்டா என்று கேளுங்கள். பல கல்லூரிகள் தருகின்றன.