பழைய வீட்டுக் குளியலறைக்கு மர அலமாரி: கோணல் சுவரில் நேரான பெட்டி

குளியலறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே தரையிலிருந்து தலை உயரம் வரை ஒரு இடுக்கு சும்மா கிடந்தது. அதில் கச்சிதமாகப் பொருந்தும் அலமாரி செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முதல் பெட்டி பாதி தூரம் உள்ளே போய் இறுகிவிட்டது. தரையோரம் மட்டும் அளந்ததுதான் காரணம். அங்கே 612 மி.மீ., நடுவில் 604, மேலே 598. பழைய சுவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அதனால் அகலத்தை மூன்று உயரங்களில், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். இருப்பதில் சின்ன அளவை எடுத்து, 30 மி.மீ. கழித்துப் பெட்டியின் அகலத்தை வையுங்கள். எனக்கு 568 வந்தது. இரு பக்கமும் தெரியும் இடைவெளியை, பெட்டியின் முகத்தில் நிறுத்தும் முகப்புப் பட்டி என்ற மெல்லிய மரத்துண்டு மூடிவிடும். எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். உயரமான சுவருக்கு ரசமட்டத்தைவிட அதையே நம்புவேன்.

பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட். கொதிநீரிலும் விடாத பீனாலிக் பசையால் ஒட்டப்பட்டது அது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூ, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள்.

பெட்டி அடிப்பதைத் தனியாக விளக்கவில்லை. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் சமமா என்று மட்டும் பாருங்கள். ஆனால் அடிப்பதற்கு முன்பே, அறுத்த ஓரங்கள் அனைத்துக்கும் மூன்று பூச்சு பாலியூரித்தேன் வார்னிஷ் கொடுத்துவிடுங்கள். முதல் பூச்சை நீர்க்கக் கலந்தால் நன்றாக உள்ளே இறங்கும். பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது முகத்தில் அல்ல, வெட்டிய ஓரத்தில். கதவுப் பலகைக்கு முன்பக்கம் எத்தனை பூச்சோ பின்பக்கமும் அத்தனை. ஒரு பக்கம் விட்டால் பலகை வளையும்.

குளியலறைத் தரை தண்ணீர் போகும் வாட்டத்தோடுதான் இருக்கும், அதை மட்டமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் நான்கு போட்டு, பெட்டியைத் தரையிலிருந்து 100 மி.மீ. தூக்கி, ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 12 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்தால் காற்று போகும், பூஞ்சை குறையும்.

இனி என்னை இரண்டு நாள் அலைக்கழித்த வேலை: முகப்புப் பட்டியைச் சுவரின் வளைவுக்கு ஏற்றபடி அறுப்பது.

50 மி.மீ. அகலப் பட்டியைச் சுவரில் முட்டும்படி, செங்குத்தாக, பெட்டியின் முகத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பட்டியின் உள்விளிம்பு பெட்டிப் பலகையின் உள்பக்கத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும். எவ்வளவு என்று அளந்து பாருங்கள். எனக்கு 17 மி.மீ. இருந்தது. கவராயத்தை அதே அளவுக்கு விரித்து, முள்ளைச் சுவரிலும் பென்சிலைப் பட்டியிலும் வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் பட்டி 17 மி.மீ. நகர்ந்து, ஒருபுறம் சுவரோடும் மறுபுறம் பெட்டியோடும் சேர்ந்துவிடும்.

நான் செய்த தவறு, சுவருக்கும் பட்டிக்கும் இடையே தெரிந்த பெரிய இடைவெளியான 14 மி.மீ.க்குக் கவராயத்தை விரித்தது. சுவரோடு அழகாகப் பொருந்தியது, மறு விளிம்போ 3 மி.மீ. வெளியே நின்றது. நகர வேண்டிய தூரம்தான் கணக்கு. இன்னொன்று: சுவர் வளைகிறதென்று கையையும் திருப்பாதீர்கள். கவராயம் கடைசிவரை கிடைமட்டமாகவே இருக்கட்டும்.

பட்டியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டால் பளிச்சென்று தெரியும், மரத்தில் சிலாம்பும் கிளம்பாது. ஜிக்சாவால் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மீதியை இழைப்புளியால் எடுங்கள். பின்பக்க ஓரத்தைச் சற்றுக் கூடுதலாகச் சீவிவிட்டால் முன்விளிம்பு மட்டும் சுவரைத் தொடும். அந்தக் கடைசி இழைப்பில் சுருள் சுருளாக மரம் உதிர்ந்து, பட்டி சுவரில் ஒட்டி நின்று, நடுவே வெளிச்சக் கீற்றுகூடத் தெரியாமல் போகும்போது அத்தனை நிறைவாக இருக்கும்.

சுவரில் மாட்டுவதற்கு முன், உள்ளே குழாயோ ஒயரோ போகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டினால் துளை பெரிதாகிப் பொலபொலவென்று உதிரும். சாதாரணச் சுழற்சியிலேயே, செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்த ஒருவருக்கு, தண்ணீர் அடைக்கும் வால்வு அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில் பின்பலகையை ஆணி அடிக்காமல், நான்கு ஸ்க்ரூவில் கழற்றும்படி தனித் துண்டாக வையுங்கள். மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்றார் இன்னொருவர். அவருடையது முழு மரக் கதவு. மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. அத்தகைய கதவுக்குப் பக்கவாட்டில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், பிளைவுட் கதவுக்கு 2 போதும்.