சட்டையை வைத்தே மலைப்பாம்பா, மண்ணுளியா என்று சொல்வது எப்படி?

எங்கள் பக்கத்தில் பாம்பு வந்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல வீடுகளில் நான் போய்ச் சேர்வதற்குள் பாம்பு போயிருக்கும், உரித்த சட்டை மட்டும் கிடக்கும். அதுவே போதும். உயிருள்ள பாம்பின் கிட்டே போய் அடையாளம் பார்க்கவே கூடாது.

முதலில் நிறத்தையும் திட்டுகளையும் மறந்துவிடுங்கள். மலைப்பாம்புக் குட்டி, மண்ணுளி, கண்ணாடி விரியன் மூன்றுமே தடித்த உடம்பும் பழுப்புத் திட்டுகளும் கொண்டவை. விரியன் என்று நினைத்து அடித்துக் கொல்லப்பட்ட மண்ணுளிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மலைப்பாம்புக் குட்டி என்று விரியனைத் தூக்குவது அதைவிட ஆபத்து.

சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் கண்ணாடிமேல் விரியுங்கள். பெரும்பாலும் உள்புறம் வெளியே திரும்பியிருக்கும், அதனால் பாம்பில் குழியாக இருப்பது இதில் மேடாகத் தெரியும்.

வயிற்றுச் செதில்களைப் பாருங்கள். விரியனுக்கு அவை வயிற்றின் முழு அகலத்துக்கும் இருக்கும். மலைப்பாம்புக்கு அகலம் குறைவு. மண்ணுளிக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய பட்டைதான். அப்புறம் கழிவுத்துளைக்குக் கீழே, வாலின் அடிப்பக்கம். மண்ணுளிக்கு ஒற்றை வரிசை. மலைப்பாம்புக்கு இரட்டை, விரியனுக்கும் இரட்டைதான். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கழிவுத்துளையின் இரு ஓரம். மலைப்பாம்புக்கும் மண்ணுளிக்கும் அங்கே ஓரத்துக்கு ஒன்றாகச் சிறு நகம் இருக்கும், பின்னங்கால் இருந்ததன் மிச்சம். சட்டையில் அது குட்டி உறைபோலப் பதிந்திருக்கும். லென்ஸ் வைத்துத் தேடுங்கள். ஆணுக்குப் பெரிதாக இருக்கும், பெண்ணுக்குச் சில நேரம் கண்ணுக்கே படாது. விரியனுக்கும் நாகத்துக்கும் இது கிடையவே கிடையாது.

தலைப்பகுதி கிடைத்தால் மேலுதட்டின் முன்செதில்களைப் பாருங்கள். இரையின் உடல்சூட்டை உணரும் குழிகள் இருந்தால் மலைப்பாம்பு. மண்ணுளிக்கு அவை இல்லை.

இரண்டுக்கும் நகம் இருக்கிறதே, அப்போது ஒரே குடும்பம்தானே என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் வைத்திருந்தார்கள். இப்போது மலைப்பாம்புகள் பைத்தானிடே என்ற தனிக் குடும்பம். மண்ணுளி, அனகோண்டா எல்லாம் போவாக்கள் என்ற இன்னொரு பாம்புக் கூட்டத்தின் பக்கம். அமேசான் காட்டின் மரகத மர போவாவும் நியூகினியின் பச்சை மர மலைப்பாம்பும் பார்க்க அப்படியே ஒன்றுபோல இருக்கும், கிளையில் சுருண்டு கிடக்கும் விதம் உட்பட. ஆனால் வம்சம் வேறு. போவா குட்டி போடும், மலைப்பாம்பு முட்டையிடும். நம் ஊர் மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுக்கி அவற்றுக்குச் சூடு கொடுக்கும். குட்டி போடும் போவாக்களிலும் விலக்கு உண்டு. அரேபிய மண்ணுளி முட்டைதான் இடும்.

நம் செம்மண்ணுளியை, அதாவது இருதலைப் பாம்பு என்கிறோமே அதை, 1801-ல் போவா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தவர் இந்தியப் பாம்புகளை ஆராய்ந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜானின் பெயரை அதற்கு வைத்தார். இப்போது அதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. மழுங்கிய வாலைத் தலை என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பலை நம்பாதீர்கள். அதற்கு ஒரே தலைதான், அது எந்த நோயையும் தீர்க்காது, பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

சட்டை கிழிந்து துண்டாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. கழிவுத்துளையிலிருந்து வால்நுனி வரை ஒரு துண்டு, நடு உடம்பில் ஒரு துண்டு இருந்தால் போதும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அடிப்பக்கம் தெரியப் படம் எடுத்து வனத்துறைக்கோ பாம்பு மீட்பவருக்கோ அனுப்புங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யாரையாவது கடித்திருந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.