அமெரிக்கக் குடியேறிகளின் வம்சாவளியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் தொடக்ககாலக் குடியேறிகளின் வழிவந்த ஒருவர் தம் வம்சாவளியைத் தேடும்போது செய்யும் முதல் தவறு, 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளுள் தம் குடும்பப் பெயருடைய ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து தம் தலைமுறைக்கு இறங்கிவர முயல்வதாகும். அப்பயணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டுவிட்டனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தம்மிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணச் சான்று கண்டபின் மேலே செல்வதே சரியான முறை.

பெயர் ஒற்றுமை இன்னும் பெரிய பொறி. ஒரே ஊரில் இரண்டு ஜான்கள் இருந்தால், மூத்தவரை 'சீனியர்' என்றும் இளையவரை 'ஜூனியர்' என்றும் எழுத்தர் குறித்தார். அவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை, உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்தபின் நேற்றைய ஜூனியரே சீனியர் ஆகிவிடுவதும் உண்டு. எனவே உயில், நிலப்பத்திரம் ஆகியவற்றில் வரும் மனைவி, சாட்சிகள், எல்லை நிலத்தவர் பெயர்களைக் கொண்டே ஆளைப் பிரித்தறிய வேண்டும்.

தேதியில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் மானத்தையே குலைத்துவிடக்கூடும். ஒரு தம்பதிக்கு 1690 ஏப்ரல் 20இல் திருமணம், 1690 பிப்ரவரி 5இல் குழந்தை என்று பதிவேடு சொன்னால், அது திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை என்று அவசரப்பட்டு எழுதிவிடுவோர் பலர். 1752க்கு முன்பு பிரிட்டிஷ் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1691ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அக்காலத்து எழுத்தர்கள் சிலர் '1690/1' என்று இரட்டையாக எழுதினர். அதைப் பிரதியெடுக்கும்போது ஓர் ஆண்டை விட்டுவிடலாகாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கினாலும், 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே அதில் பதிவானது. உறவுமுறை 1880இல்தான் சேர்ந்தது. 1850ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரே வீட்டில் காணப்படும் சிறுவரையெல்லாம் பிள்ளைகள் என்று கொள்வது தவறு.

அச்சில் வந்துவிட்டதாலேயே ஒரு வம்சாவளியை நம்பிவிடவும் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் அன்ஜூ என்பவர் செல்வந்தர்களுக்குப் போலி வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். அவற்றின் கற்பனை மூதாதையர் இன்றும் இணையக் குடும்ப மரங்களில் உலவுகின்றனர். ஒரே பிழையை இருபது மரங்கள் பிரதியெடுத்திருந்தாலும் அவை இருபது சான்றுகள் ஆகா. அவற்றுள் எந்த மரம் ஊர்ப் பதிவேட்டையோ உயிலையோ சுட்டுகிறது என்று பார்த்து, அந்த மூல ஆவணத்தையே வாசிக்க வேண்டும்.